கப்பலில் இருக்கும் பையனுக்கு வேலை வழி சொல்ல யார் இருக்கிறார்கள்?

கவுந்தப்பாடி அக்கா

எல்லோருக்கும் வணக்கமுங்க. என் தம்பி கடற்படையில் அக்னிவீராக, அதாவது நாலு வருஷக் கணக்கில், சேர்ந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. சில்காவில் பயிற்சி முடித்து இப்போது விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை.

[கப்பலின் பெயர் நீக்கப்பட்டது. பணியில் இருப்பவர்களின் கப்பல் பெயர், பயணத் தேதி எதையும் இங்கே எழுத வேண்டாம். – நிர்வாகி]

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. நாலு வருஷம் முடிந்ததும் வந்து கரும்பு ஆலையைப் பார்க்கட்டும் என்கிறார் அப்பா. நாட்டுச்சர்க்கரை காய்ச்ச ஆள் கிடைப்பதில்லை, அவர் கவலை அவருக்கு. மாமா போலீஸ் செலக்ஷனுக்குப் படிக்கச் சொல்கிறார். அம்மா இப்போதே பெண் பார்க்கிறார். தம்பியோ போன் பண்ணினால் "பார்க்கலாம் அக்கா" என்பதோடு சரி. அந்தப் "பார்க்கலாம்" கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கம் போகிறது.

அமெரிக்கக் கப்பல்களில் இதற்கென்றே ஒரு ஆள் இருப்பாராம். நீ அடுத்து என்ன பண்ணப் போகிறாய், எந்தப் பரீட்சை எழுதணும், இருக்கணுமா வெளியே போகணுமா என்று உட்கார வைத்துப் பேசுவது மட்டுமே அவர் வேலையாம். நம் கடற்படையில் அப்படி யாராவது உண்டா? தம்பி யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சூலூர் சீஃப்

அம்மணி, நான் மரைன் இன்ஜினியரிங் பிரிவில் இருந்து எக்ஸ்டென்ஷன் எல்லாம் வாங்கி, சீஃப் பெட்டி ஆபீசராக, அதாவது மூத்த மாலுமியாக, வெளியே வந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆள் இல்லாமல் இல்லை. எந்தக் கப்பலுக்குப் போனாலும் பையனை ஒரு டிவிஷனில் சேர்ப்பார்கள். அதற்கு ஒரு டிவிஷனல் ஆபீசர் உண்டு, டி.ஓ. என்போம். லீவு, வீட்டுப் பிரச்சினை, பதவி உயர்வுப் பரீட்சை, கோர்ஸ், நடத்தை எல்லாம் அவர் பொறுப்பு. பிரிட்டிஷ் கடற்படையில் 18-ம் நூற்றாண்டில் வந்த முறை இது, நமக்கு அப்படியே வந்து சேர்ந்தது. நல்ல டி.ஓ. அமைந்தால் பையன் பிழைத்தான். ஆனால் அவர் இளம் லெப்டினன்ட். அவருக்கு வாட்ச் என்ற முறைப்பணி இருக்கிறது, சொந்த டிபார்ட்மென்ட் இருக்கிறது, அவருடைய பரீட்சை இருக்கிறது. ஒன்றிரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அடுத்து வருபவர் பையன் முகத்தைப் பழகவே மாதங்கள் ஆகும்.

டிரான்ஸ்ஃபர், பதவி உயர்வு வரிசை எல்லாம் மும்பை மான்குர்டில் இருக்கும் பியூரோ ஆஃப் செய்லர்ஸில் முடிவாகும். அங்கே பையன் ஒரு நம்பர். குறை சொல்லவில்லை, அத்தனை ஆயிரம் பேரை அப்படித்தான் நடத்த முடியும். ஓய்வு பெறுகிறவர்களுக்கு டில்லியில் டி.ஜி.ஆர். என்ற மறுவாழ்வு இயக்ககம் கோர்ஸ் நடத்துகிறது. கடற்படைக்கென்று தனி வேலைவாய்ப்பு முகமையும் இருக்கிறது.

ஆக சேரும்போது ஆள், போகும்போது ஆள். நடுவில் முழுநேரமும் இதே வேலையாக ஒருவர் இல்லை. பத்தொன்பது இருபது வயதுப் பையனுக்கு அந்த நடுவில்தான் ஆள் வேண்டும்.

தம்பி இப்போதே செய்ய வேண்டியது: டி.ஓ.வைப் பார்க்க ரிக்வெஸ்ட் ஃபார்ம் போடச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று போய்விடும். காகிதத்தில் கேட்டால் பதில் வந்தே ஆக வேண்டும்.

நார்ஃபோக் ஈரோட்டான்

அக்கா கேட்டது அமெரிக்கா பற்றி என்பதால் நுழைகிறேன். வேலைக்காக வர்ஜீனியாவில் நார்ஃபோக்கில் இருக்கிறேன். உலகத்திலேயே பெரிய கடற்படைத் தளம் இந்த ஊரில்தான். தெருவுக்கு நாலு வீடு நேவி.

நீங்கள் சொன்ன ஆளுக்கு நேவி கவுன்சிலர் என்று பெயர். துப்பாக்கிப் பிரிவு, இன்ஜின் பிரிவு போல இதுவும் தனிப் பிரிவு, 1970-களின் தொடக்கத்தில் உருவானது. பள்ளி முடித்து நேரே இதில் சேர முடியாது. வேறு பிரிவில் சில வருஷம் வேலை பார்த்து, குறைந்தது இரண்டாம் நிலை பெட்டி ஆபீசர் ஆன பிறகுதான் மாற முடியும். எண்ணெயில் கை வைக்காதவன் எண்ணெயில் நிற்பவனுக்கு வழி சொல்ல வரக்கூடாது என்பது கணக்கு. எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்.

புதிதாக ஒருவர் கப்பலில் ஏறியதும் முதல் மாதத்துக்குள் அவரை ஒரு குழு முன் உட்கார வைப்பார்கள். மூத்த சீஃப், அவருடைய பிரிவுத் தலைவர், கவுன்சிலர் எல்லோரும் இருப்பார்கள். நீ எதற்கு வந்தாய், எவ்வளவு நாள் இருக்க நினைக்கிறாய், படிக்க ஆசையா, கடன் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆறாவது மாதம் மறுபடி, ஒரு வருஷத்தில் மறுபடி, பிறகு ஆண்டுதோறும். பேசியதெல்லாம் பதிவாகும். டி.ஓ. மாறினாலும் அடுத்தவர் எடுத்துப் பார்க்கலாம்.

வெளியே போகிறவர்களுக்கு ஒரு வருஷம் முன்பே பேச்சைத் தொடங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இன்னொன்று, நேவி கூல் என்று ஒரு இணையதளம். நீ கப்பலில் பார்க்கும் வேலைக்கு வெளியுலகில் எந்த லைசென்ஸ், எந்தச் சான்றிதழ் சமம் என்று பிரிவு வாரியாகப் போட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

பல்லடம் தறி

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன். அந்தக் கவுன்சிலருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? கடற்படைதானே? அப்புறம் அவர் எப்படிப் பையன் பக்கம் நின்று பேசுவார்?

இங்கே பெரிய பனியன் கம்பெனிகளில் "வெல்ஃபேர் ஆபீசர்" போட்டிருக்கிறார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் ஊருக்குப் போகிறேன் என்றால் அவர்களை உட்கார வைத்துப் பேசி இன்னும் ஆறு மாதம் இழுப்பதுதான் அந்த அம்மாவின் முக்கிய வேலை. நல்ல அம்மாதான், குணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பேர் நின்றார்கள் என்றுதான் மாதக் கடைசியில் அவரை முதலாளி கேட்கிறார். எத்தனை பேருக்கு நல்லது நடந்தது என்று கேட்பதில்லை.

நார்ஃபோக் ஈரோட்டான்

பல்லடத்தார் சொல்வது இங்கேயும் நிஜம். அமெரிக்க நேவி கவுன்சிலர் பிரிவிலேயே இரண்டு கிளை. ஒன்று கப்பலில் வழி சொல்பவர்கள், மற்றொன்று ஊரில் ஆள் சேர்ப்பவர்கள். இரண்டுக்கும் ஒரே பெயர். ஆட்களை நன்றாகத் தக்க வைத்த கப்பலுக்கு விருதே உண்டு. எத்தனை பேர் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள் என்ற கணக்கு கவுன்சிலரின் மேசையில் இருக்கும். ஆள் பற்றாத பிரிவுகளுக்குப் போனஸும் கொடுப்பார்கள்.

இந்தப் பதவி பிறந்த கதையும் அதைத்தான் சொல்கிறது. 1970-ல் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. முதல் ஒப்பந்தம் முடித்த மாலுமிகளில் பத்தில் ஒருவர்தான் மறுபடி சேர்ந்தார்கள் என்பார்கள். அந்த வருஷம் தலைமைத் தளபதியாக வந்தவர் எல்மோ ஜும்வால்ட். மாலுமிகள் ஏன் ஓடுகிறார்கள் என்று அவர்களையே உட்கார வைத்துக் கேட்டார். ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவு போட்டார். மாலுமிகளின் மனைவிமார் குறையை நேரே கமாண்டரிடம் கொண்டுபோக ஒரு பெண்மணியை நியமிக்கும் ஏற்பாடு அதில் ஒன்று, அது இன்றும் இருக்கிறது. 1973-ல் கட்டாய ராணுவச் சேவை நின்றது. ஆளைப் பிடித்து இழுத்து வர முடியாது, பேசித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை வந்த அதே காலத்தில்தான் கவுன்சிலர் பிரிவும் வந்தது.

கோபி வாத்தியார்

மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். கடற்படையில் எஸ்.எஸ்.ஆர். என்ற மாலுமிப் பிரிவின் சேர்க்கைக்குப் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும் என்பதால், விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான்.

ஆள் ஓடிப்போவான் என்ற பயத்தில்தான் அமெரிக்கா இதைச் செய்தது என்று ஈரோட்டார் எழுதியதும் எனக்கு நம் ஊர் வரலாறு ஞாபகம் வந்தது. 1946 பிப்ரவரி 18, பம்பாயில் தல்வார் தளத்தில் மாலுமிகள் எழுந்தார்கள். மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் ஏச்சு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். சுதந்திர வேகமும் அதில் இருந்தது. ஆனால் அவர்கள் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். போர் முடிந்துவிட்டது, எங்களைச் சீக்கிரம் விடுவித்து வெளியே முறையான வேலைக்கு வழி செய்யுங்கள் என்பது அதில் இருக்கிறது. சேர்க்கும்போது ஆசை காட்டிப் பேசிய பேச்சு ஒன்று, கப்பலில் கண்டது ஒன்று என்ற கொதிப்பும் இருந்தது.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத பையன் இன்று எப்படி மனம் ஒன்றி வேலை பார்ப்பான்? அவனுக்கு வழி சொல்வதை ஏதோ தர்மகாரியமாகப் பார்க்கக்கூடாது. இன்ஜினுக்கு எண்ணெய் பார்ப்பது எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம்.

கவுந்தப்பாடி அக்கா

எல்லாப் பதிலையும் இரண்டு தடவை படித்தேனுங்க. ஒரு விஷயம் உறுத்துகிறது.

பல்லடத்து அண்ணன், கவுன்சிலர் கடற்படை பக்கம்தான் பேசுவார் என்கிறார். தம்பி விஷயத்தில் அந்தப் பயமே இல்லையே? அரசாங்கம் 2022-ல் அறிவித்தபடி நாலு வருஷத்தில் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மிச்சப் பேரை அனுப்பப் போவது அவர்களே. பேசி நிறுத்த வேண்டிய அவசியமே கிடையாது. அப்படியென்றால் உள்ளதை உள்ளபடி சொல்ல அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

ஆனால் அதே காரணத்தால்தான் யாரும் உட்கார்ந்து பேச மெனக்கெடவும் இல்லை என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் ஆள் போய்விடுவான் என்று பயந்தார்கள், அதனால் ஆள் போட்டார்கள். இங்கே ஒரு இடத்துக்கு எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாருக்கு என்ன பயம்?

சூலூர் சீஃப்

அம்மணி எழுதியதில் விஷயம் இருக்கிறது. உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். கப்பலில் இருக்கும் சீஃப்களுக்குப் பையன்கள் மேல் அக்கறை இல்லை என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். மெஸ் டெக்கில் ராத்திரி உட்கார்ந்து எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கிறோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது பழைய உலகம். பதினைந்து வருஷம், பென்ஷன், அப்புறம் பேங்க் செக்யூரிட்டி அல்லது ஏதாவது கோட்டா. நாலு வருஷத்தில் இருபத்திரண்டு வயதில் வெளியே போகிறவனுக்கு என்ன சொல்வது என்று எங்கள் தலைமுறைக்கே புதுசு. அவனுக்கு என்ன சொல்வது என்பதை முதலில் சீஃப்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதைச் சொல்லிக்கொடுக்க இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் ரெட்ஃபீல்ட்ஸில் ஐ.என்.எஸ். அக்ரணி என்ற தளம். கடல் இல்லாத ஊரில் கடற்படைத் தளமா என்று பஸ்ஸில் போகிறவர்கள் கேட்பார்கள். மாலுமிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுக்கும் இடம் அதுதான். நானும் அங்கே கோர்ஸ் செய்தவன். இந்தியா முழுவதிலும் இருந்து வருங்காலப் பெட்டி ஆபீசர்கள், சீஃப்கள் அங்கே வந்து போகிறார்கள். ஜூனியரை எப்படி நடத்துவது, எப்படி வேலை வாங்குவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அதே வகுப்பில் ஜூனியரின் எதிர்காலத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று ஒரு வாரப் பாடம் வைத்தால் போதும். புதுப் பதவியே வேண்டாம், கப்பலுக்கு ஒருவர் வீதம் ஆள் தயாராகிவிடுவார்.

நம்பியூர் அப்பா

என் மகள் கடற்படையில் இருக்கிறாள். 2023 மார்ச் 28 அன்று சில்காவில் சூரியன் மறைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் முதல் அக்னிவீர் அணிவகுப்பு நடந்ததே, சுமார் 2,600 பேர், அதில் பெண்கள் மட்டும் 270-க்கு மேல். இந்தியக் கடற்படையில் மாலுமியாகப் பெண்கள் சேர்ந்தது அதுவே முதல் தடவை. அதைச் செய்தியில் பார்த்துத்தான் போவேன் என்று நின்றாள்.

இந்தப் பக்கம் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் குறைவு. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்பார்கள், வீட்டுக்கு வீடு யாராவது இருப்பார்கள். அங்கே பையனுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கேட்பான். எங்கள் ஊரில் நான் யாரைக் கேட்பது? மகள் சொல்லும் வார்த்தை பாதி எனக்குப் புரிவதில்லை. ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். நாலு வருஷம் முடித்தால் எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டாவில் டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம் என்கிறார்கள், சரியா?

சூலூர் சீஃப்

இதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். அக்னிவீர் நிபந்தனைகளின்படி நாலு வருஷத்தில் வெளியே வருகிறவருக்கு முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, இ.சி.எச்.எஸ். மருத்துவமும் கேன்டீன் கார்டும் இல்லை. ஆகவே அந்தக் கோட்டாவை நம்பி யாரும் திட்டம் போடாதீர்கள். சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீர்களுக்கென்றே தனியாக 10 சதவீத ஒதுக்கீடு 2022-ல் அறிவித்தார்கள், வயதுச் சலுகையும் உண்டு. அது வேறு, இது வேறு.

பணக் கணக்கும் பாதி வீடுகளில் தப்பாக ஓடுகிறது. முதல் வருஷம் மாதம் 30,000, அதில் 9,000 பிடித்தம் போகக் கையில் 21,000. நாலாம் வருஷம் 40,000, கையில் 28,000. பிடித்ததற்குச் சமமாக அரசு போட்டு, வட்டியோடு கடைசியில் சுமார் 11.71 லட்சம் சேவா நிதி. இதற்கு வருமான வரி இல்லை. வைத்துக்கொள்ளப்படும் 25 சதவீதத்தில் பையன் வந்தால் இந்த முழுத் தொகை வராது, அவன் பங்கும் அதற்கான வட்டியும்தான் வரும். அப்புறம் குறைந்தது 15 வருஷம் சேவை. எப்படியும் பதினொன்று லட்சம் வரும் என்று எண்ணி இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

படிப்பு விஷயம்: இக்னோ மூலம் அக்னிவீர்களுக்கென்று மூன்று வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது, படையில் கற்ற பயிற்சிக்கே பாதி கிரெடிட் தருகிறார்கள். உங்கள் மகள் சேர்ந்திருக்கிறாளா என்று இன்றே கேளுங்கள். பட்டம் கையில் இருந்தால் கோட்டா இல்லாமலே எத்தனையோ பரீட்சை எழுதலாம்.

நம்பியூர் அப்பா

கேட்டேனுங்க. இன்னும் சேரவில்லையாம். அப்படி ஒன்று இருப்பதாகச் சேர்ந்த புதிதில் சொன்னார்கள், ஓட்டமும் பரேடுமாக இருந்ததில் காதில் ஏறவில்லை, அப்புறம் யாரும் ஞாபகப்படுத்தவில்லை என்கிறாள். இந்த வாரம் கேட்டு எழுதச் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றிங்க.

பல்லடம் தறி

பார்த்தீர்களா. ஒரு தடவை சொல்லிவிட்டால் சொன்னதாகக் கணக்கு ஆகிவிடுகிறது. மறுபடி கேட்க ஆள் இல்லை. சரி, சம்பளம் யார் கொடுத்தாலும் மறுபடி மறுபடி கேட்கும் ஆள் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆளைப் பற்றிய மதிப்பீட்டில் எத்தனை பேரை நிறுத்தினாய் என்ற கேள்வி இருக்கவே கூடாது. இதில் நான் இறங்க மாட்டேன்.

பெருந்துறை பிளான்ட்

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்காவின் தம்பி இன்ஜின் பக்கம் என்றால் கப்பலில் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் ஆர்.ஓ. பிளான்ட்டைத் தொட்டிருப்பாரா? சீஃப் அண்ணா சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், நான் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பில் ஷிஃப்ட் பார்க்கிறேன். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற முறைக்கு எல்லோரும் வந்தாக வேண்டியதாயிற்று. இந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் ஆர்.ஓ., எவாப்பரேட்டர், பாய்லர். ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. டிகிரி படித்த பிள்ளைகள் வருகிறார்கள், ராத்திரி ஷிஃப்டில் பிரஷர் ஏறினால் கை நடுங்குகிறது.

சூலூர் சீஃப்

தொட்டிருப்பாரா என்று கேட்கிறீர்களே, அதில்தான் பையன்கள் குடித்தனமே நடத்துவார்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதைக் குடிக்கிற தண்ணீராக்க ஐம்பது, அறுபது பார் அழுத்தம் வேண்டும். வாட்சில் இருப்பவன் மணிக்கு ஒரு தடவை போய் உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பரேனுக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம், பின்னால் எவ்வளவு என்று கேஜில் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். வித்தியாசம் ஏறினால் மெம்பரேன் அடைக்கிறது என்று அர்த்தம். முன்னால் இருக்கும் ஃபில்டர் கார்ட்ரிட்ஜை மாற்றணும், இல்லையென்றால் கெமிக்கல் விட்டுக் கழுவணும். இதைக் கப்பல் ஆடும்போது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நாற்பது டிகிரி வெக்கையில் செய்வான். தண்ணீர் நின்றால் கப்பல் முழுக்க அவனைத்தான் தேடும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் வெளியே வந்ததும் ஒரு மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைதான் கிடைத்தது. முன்னாள் படைவீரர் என்றால் கேட்டில் நிற்பவர் என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது, என் மனதிலும்தான் இருந்தது. லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். பின்பு ஒரு நாள் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க அவர் வேலை செய்யும் சாய ஆலைக்குப் போனேன். உள்ளே ஒரு ஷெட். வரிசையாக வெள்ளைக் குழாய்கள், ஹை பிரஷர் பம்ப், அதே இரண்டு கேஜ். அங்கே நின்ற பையன் லாக் புத்தகத்தில் மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்தான். கேஜைப் பார்த்தேன், முள் வேறு இடத்தில் நின்றது. "மெம்பரேன் அடைக்குது தம்பி" என்றேன். மேனேஜர் திரும்பி யார் நீங்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் அங்கே வேலையில் இருந்தேன்.

நேவி கூல் போல ஒரு பட்டியல் நம்மிடம் இருந்து, "மரைன் இன்ஜினியரிங் பார்த்தவனுக்கு இந்த இந்த ஊரில் ஆர்.ஓ., பாய்லர், குளிர்பதனக் கிடங்கு, பம்ப் டெஸ்டிங்" என்று யாராவது காட்டியிருந்தால், அத்தனை வருஷம் நான் லாரி நம்பர் எழுதியிருக்க வேண்டாம். கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் செய்யாத தெரு குறைவு. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-ல் தொடங்கியபோது அதன் ஐந்து மையங்களில் கோயம்புத்தூர் ஒன்று, சேலம் ஒன்று. எலெக்ட்ரிக்கல் பிரிவுப் பையன்கள் ஐ.என்.எஸ். வல்சுரா பயிற்சித் தளத்தில் படித்ததும் எங்கள் ஆட்கள் லோனாவாலா ஐ.என்.எஸ். சிவாஜியில் படித்ததும் இந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்குத் தெரியாது. பையன்களுக்கு இந்தத் தொழிற்சாலைகளைத் தெரியாது. இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர்தான் நடுவில் இல்லை. மும்பையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெருந்துறை சிப்காட் எங்கே தெரியப் போகிறது?

கோபி வாத்தியார்

அப்படியென்றால் வழி சொல்பவர் கப்பலில் மட்டும் இருந்தால் போதாது, மாவட்டத்திலும் ஒருவர் வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே விதவையர் உதவி, பென்ஷன் சிக்கல், கல்வி உதவித்தொகை என்று ஏற்கெனவே வேலை நிறைய. அக்னிவீர்களோ விதிப்படி அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆனாலும் கதவைத் தட்டலாம். ஒரு பதிவேடு, ஒரு மேசை, வாரம் ஒரு நாள், சீஃப் போல ஒருவர். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

என் பங்குக்கு, வருகிற கல்வியாண்டில் கடற்படைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை முதலில் உட்கார வைக்கப் போகிறேன். 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடுவதற்குப் பையனைத் தயார் செய்கிறோம். நாலு வருஷம் கழித்து என்ன என்பதற்கு யாரையும் தயார் செய்வதில்லை. சீஃப் அவர்கள் ஒரு சனிக்கிழமை கோபிக்கு வர முடியுமா?

சூலூர் சீஃப்

வருகிறேன் சார். பேசுவதற்கு முன் ஒரு நிபந்தனை: நல்லதும் கெட்டதும் இரண்டையும் சொல்வேன். பிரிவு நீங்கள் கேட்டபடி கிடைக்காது, மதிப்பெண்ணும் கடற்படையின் தேவையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்பதையும் சொல்வேன். அதைக் கேட்டுப் பத்துப் பேரில் மூன்று பேர் பின்வாங்கினால் வருத்தப்படக்கூடாது.

பல்லடம் தறி

இந்த நிபந்தனைக்காகவே நானும் வருகிறேன், வண்டி என்னுடையது.

கவுந்தப்பாடி அக்கா

நேற்று ராத்திரி தம்பி போன் பண்ணினான். இங்கே பேசியதையெல்லாம் படித்துக் காட்டினேன். ஆர்.ஓ. என்றதும் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினானுங்க. மெம்பரேன் கழுவும்போது எந்தக் கெமிக்கல் முதலில், எது அப்புறம் என்று எனக்குப் பாடம் எடுத்தான். மூன்று வருஷத்தில் அவன் வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. நாங்களும் கேட்டதில்லை. லீவு எப்போ, சாப்பிட்டாயா, எவ்வளவு பிடிக்கிறார்கள், இவ்வளவுதான் கேட்போம்.

25 சதவீதத்தில் வர அவனுக்கு ஆசை இருக்கிறது, கிடைக்காவிட்டால் அவமானமாகிவிடும் என்றுதான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறான். ரிக்வெஸ்ட் ஃபார்ம் போடுகிறேன் என்றான். வைத்துக்கொள்வார்களா இல்லையா என்பதை டி.ஓ. சொல்ல முடியாது, ஆனால் இதுவரை அவனைப் பற்றிய மதிப்பீடு எப்படி இருக்கிறது, எதில் பின்தங்கியிருக்கிறான் என்று கேட்கலாமா அண்ணா?

சூலூர் சீஃப்

தாராளமாகக் கேட்கலாம், அதுதான் சரியான கேள்வி. "என்னை வைத்துக்கொள்வீர்களா" என்று கேட்க வேண்டாம். "எதைச் சரி செய்தால் என் வாய்ப்பு கூடும்" என்று கேட்கச் சொல்லுங்கள். கூடவே அவன் ஓட்டிய இயந்திரங்கள், பார்த்த பழுதுகள், வாட்ச் கீப்பிங் தகுதி எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். கப்பலில் இருந்து இறங்கிய பிறகு யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். ரகசியமான கருவி எதையும் அதில் எழுதக்கூடாது. பம்ப், ஆர்.ஓ., ஏர் கம்ப்ரஸர், ஜெனரேட்டர் போதும். பாய்லர் பக்கம் போக ஆசை என்றால் அதற்கு அரசாங்கத்தின் பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் தேவை. அதைத் தனியாகப் பேசுவோம்.

பெருந்துறை பிளான்ட்

அக்கா, தம்பி அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது எங்கள் பிளான்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு என்று இல்லை, பார்த்துவிட்டுப் போகட்டும். அப்பாவையும் கூட்டி வாருங்கள். ஷிஃப்ட் மாறும் ஆறு மணி, இரண்டு மணி வேண்டாம், பதினொரு மணிக்கு மேல் வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், செருப்போடு உள்ளே விடமாட்டார்கள்.